ஏற்றத்தில் இழுத்தால் வராத பெல்ட்

போன மாதம் என் தங்கச்சி மகன் புதுக் கார் ஒன்று வாங்கி, நுவரெலியாவில் ஒரு கல்யாணத்துக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போனான். ஹட்டன் டவுனைக்கூடத் தாண்டவில்லை, கார் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. எஞ்சினில்தான் ஏதோ என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தேன். காலமெல்லாம் கராஜில் கிடந்தவனுக்கு இப்படிச் சத்தம் கேட்டால் கை பரபரக்கும். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"மாமா, வண்டிக்கு ஒன்னுமில்ல. நீங்க பெல்ட் போடல. அதான் கத்துது."

போட்டேன். கார் வாயை மூடிக்கொண்டது. கொஞ்ச தூரம் போன பிறகு அவன் கேட்டான், "ஒங்க காலத்துல எல்லாரும் பெல்ட் போட்டாங்களா மாமா?"

"போடல. வெட்டுனாங்க" என்றேன்.

அவன் நம்பவில்லை. தலவாக்கலை வரும்வரை கேள்விமேல் கேள்வியாகக் கேட்டான். அவனுக்குச் சொன்னதையும், கல்யாணத்துக்குப் போகிற வழியில் சொல்ல மனம் வராமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அப்பா திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கவ்வாத்து வெட்டினார், செடிகளின் தலையைக் கழிக்கிற வேலை. என்னையும் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு அனுப்பி, கொழுந்துக் கணக்கில் சேர்த்துவிடத்தான் பார்த்தார். நான் அதைக் கைகழுவிவிட்டு ஹட்டனில் ஒரு கராஜில் போய் ஒட்டிக்கொண்டேன். முதலில் மண்ணெண்ணெயில் நட்டுக் கழுவினேன். பிறகு டயர் கழற்றினேன். பிறகு பிரேக். மலைநாட்டில் பிரேக் வேலைக்குப் பஞ்சமே கிடையாது. அப்படியே முடி நரைக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

கராஜில் எங்கள் தலைவர் சிறில் பாஸ். கினிகத்தேனையில் பிறந்த சிங்களவர். தோட்டத்துப் பையன்களோடு பந்தடித்து வளர்ந்ததால் எங்களைவிட நன்றாகவே தமிழில் ஏசுவார். வண்டி ஒன்று வந்தால் அவர் உடனே பானெட்டைத் திறக்கமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவார். வந்தவர் சொல்வதை முழுசாகக் கேட்பார். நடுவில் நான் வாயைத் திறந்தால், "அடே ராஜு, நீ டொக்டரா? நோயாளி பேசட்டும்" என்பார். அதற்குப் பிறகு வண்டி ஓட்டுகிறவருடைய சீட்டிலேயே, அவர் முதுகுக்கு வைக்கிற தலையணையோடு சேர்த்து உட்கார்ந்து பார்ப்பார். அந்தத் தலையணையைக் கூட நகர்த்தமாட்டார்.

மோதினால் வெடித்து விரிகிற எயார்பேக் உள்ள வண்டிகள் வரத் தொடங்கிய பிறகு இன்னொரு சட்டம் போட்டார். முதலில் பட்டரி வயரைக் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டுப் போய் ஒரு பிளேன்டீ குடிக்க வேண்டும். ஆறவைத்து, பேசிக் குடிக்க வேண்டும். உள்ளே மிச்சம் நிற்கிற கரண்ட் அடங்கும்வரை ஸ்டியரிங் பக்கம் கையே வைக்கக்கூடாது. கராஜ் முதலாளி வந்து, "என்ன, எல்லாரும் தேத்தண்ணி குடிக்கிறீங்க?" என்று முறைத்தால், "வேலை நடக்குது சேர்" என்பார் பாஸ், கோப்பையைத் தூக்கிக் காட்டி.

தொண்ணூறுகளில்தான் ஜப்பானிலிருந்து, அங்கே ஓடிப் பழகிய ரெக்கண்டிஷன் வண்டிகள் மலைக்கு ஏறிவந்தன. அதுவரை எங்கள் கைக்கு வந்த வண்டிகளின் உள்ளும் புறமும் எங்களுக்குத் தெரியும். இவற்றில் எது எதற்கென்று ஒன்றும் விளங்கவில்லை. புத்தகம் கூடவே வரும். ஆனால் ஜப்பான் எழுத்து. படம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணிக்கு ஆள் ஏற்றி ஓடுகிற மாணிக்கம் ஒரு நாள் தன் வான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். லொறியில் பழகிய கால் அவனுக்கு. மழையில் வழுக்குகிற ரோட்டில் பிரேக்கைக் குத்திக் குத்திப் பிடிப்பதில் ஹட்டனில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

"பாஸ், பெடல் காலத் தள்ளுதுங்க. அழுத்துனா உள்ளுக்கு தவள குதிக்கிற மாரி துள்ளுது. பயமா இருக்கு, அதக் கழட்டிப்புடுங்க."

மற்ற இடங்களில் அதைத்தான் செய்தார்கள். ஏபிஎஸ் என்கிற அந்தப் புது பிரேக்குக்குப் போகிற பியூசைப் பிடுங்கிவிடுவார்கள். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அந்த பல்பையும் பிடுங்கிவிடுவார்கள். தீர்ந்தது வேலை. பாஸ் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "ஜப்பான்காரன் தவளைய சும்மா பிடிச்சுப் போடுவானா? எதுக்குன்னு பார்ப்பம்" என்றார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு மத்தியானம் வானைத் தோட்டத்து விளையாட்டு மைதானத்துக்குக் கொண்டுபோனோம். பாஸ் ஒரு பழைய டயரைப் புல்லின் நடுவில் போட்டார். வேகமாக வந்து, டயருக்குக் கிட்ட பிரேக்கை ஒரே மிதியாக மிதித்து, ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். முதலில் பியூசைக் கழற்றிவிட்டு மாணிக்கம் ஓட்டினான். சக்கரம் நான்கும் நின்றுவிட்டன. ஸ்டியரிங்கை அவன் முழுசாக ஒடித்தும் வான் அவன் பேச்சைக் கேட்காமல் நேராக வழுக்கிப் போய் டயரை இடித்தது. பியூசைப் போட்டுத் திரும்ப ஓட்டினான். பெடல் கடகடவென்று துள்ளியது, அவன் முகம் போன போக்கு பார்க்க வேண்டும். ஆனால் வான் டயரைச் சுற்றிக்கொண்டு போய் நின்றது.

"ஓ… திரும்புது" என்றான் மாணிக்கம், வண்டியை ஏதோ பேய் ஓட்டினது போல.

சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி திரும்பாது. அந்தத் துள்ளல், சக்கரத்தைப் பூட்டாமல் விட்டு விட்டுப் பிடிப்பது. மாணிக்கம் காலால் செய்ததை வான் தானே, இன்னும் வேகமாகச் செய்தது. இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்தால் குழப்பம்தான். பாஸ் அதோடு விட்டாரா? தோட்டத்துக் கல் ரோட்டிலும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அங்கே பியூஸ் இருந்தபோதுதான் வான் கூடுதல் தூரம் போய் நின்றது. "அப்ப இவன் பயந்ததிலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு" என்று மாணிக்கத்தின் முதுகில் தட்டினார். தார் ரோட்டில் ஒரே மிதியாக மிதித்துக்கொண்டு வண்டியைத் திருப்பு, கல் ரோட்டில் முதலிலேயே மெதுவாகப் போ என்று சொல்லி அனுப்பினார்.

இப்போது பெல்ட்டுக்கு வருகிறேன். இந்தப் புது வண்டிகள் பெருகப் பெருக, ஒரே முறைப்பாடு திரும்பத் திரும்ப வந்தது. சீட் பெல்ட் ஜாம். வீட்டில் இழுத்தால் வராதாம். கராஜில் நாங்கள் இழுத்தால் வெண்ணெய் போல வரும். "நல்லாத்தானே இருக்குங்க" என்போம். வந்தவர் வெட்கப்பட்டோ எரிச்சல்பட்டோ போவார். அடுத்த கிழமை வேறு எங்கோ போய் பெல்ட்டை வெட்டி எறிந்துவிட்டு வருவார். சிலர் அதை சீட் கவருக்குள் மடித்துச் செருகிவிடுவார்கள். தெரியாததை வெட்டிப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அன்றைக்கு என் மனதிலும், இந்த ஆட்களுக்கு பெல்ட் போடப் பஞ்சி, சோம்பல், அதற்கொரு சாக்கு என்ற எண்ணம்தான் இருந்தது. பாஸ் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டே இருந்தார். "பொய் சொல்றதுன்னா ஆளுக்கொரு பொய் சொல்லுவான். எல்லாரும் ஒரே பொய்யச் சொல்றானே?"

அப்போதுதான் நடராசா சேர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டனில் கணக்குப் படிப்பித்தார். வெள்ளைக் கார். முன்சீட்டுப் பக்கம், எயார்பேக் மூடியின்மேல், ஒரு பிள்ளையாரை ஒட்டி வைத்திருந்தார். பாஸ் முதலில் அதைத்தான் பார்த்தார்.

"சேர், இந்த மூடி வெடிச்சுத் தொறந்தா சாமி நேரா பக்கத்துல இருக்கிறவங்க மூஞ்சிக்குத்தான் வருவார். நடுவுல மாத்தி வைங்க."

சேர் மறுபேச்சில்லாமல் பிள்ளையாரை நடுவுக்கு மாற்றினார். பிறகு பெல்ட்டைக் காட்டினார். நான் இழுத்தேன், வந்தது. அடுத்த கிழமையும் வந்தார். அப்போதும் வந்தது. மூன்றாவது தடவை அவர் முகம் சிவந்துவிட்டது.

"நான் பொய் சொல்லுறனெண்டோ நினைக்கிறீர்? வீட்டை நிக்கேக்கை வருகுதில்லை. இஞ்சை வந்தால் வருகுது. மனுசி காரிலை ஏறமாட்டன் எண்டு நிக்கிறா."

பாஸ் அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அதற்குப் பிறகுதான் சேர் மெதுவாகச் சொன்னார். மனைவி புவனா டீச்சர், விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். சில வருசத்துக்கு முன் ஒரு வானில் போகும்போது கினிகத்தேனைப் பக்கத்து வளைவில் விபத்து. டீச்சருக்கு நெற்றியில் வெட்டு. பக்கத்தில் இருந்த அவருடைய அக்கா கண்ணாடியில் அடிபட்டு அந்த இடத்திலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு டீச்சர் பெரிய பஸ்ஸைத் தவிர வேறொன்றிலும் ஏறவில்லை. இப்போது திம்புள்ளப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்திருந்தது. காலையில் பஸ் சரிப்பட்டு வரவில்லை. பெல்ட் உள்ள கார் என்றால் ஏறுவேன் என்று அவர் சொன்னதால்தான் இந்தக் காரை வாங்கினார்கள். முதல் நாளே பெல்ட் வரவில்லை. டீச்சர் இறங்கி நடந்துவிட்டார்.

"பிந்திப் பிந்திப் போறா. இப்பிடியே போனால் வேலையை விடுறன் எண்டுறா. அவவுக்குப் படிப்பிக்கிறதை விட்டால் வேறை என்ன இருக்கு?" என்றார் சேர்.

அன்று பின்னேரமே பாஸும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். மேட்டில் இருந்தது வீடு. செங்குத்தாக ஏறும் கொங்கிரீட் பாதை, அதில் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பாஸ் உட்கார்ந்து பெல்ட்டை மெதுவாக இழுத்தார். வரவில்லை. என்னை இழுக்கச் சொன்னார். அசையவே இல்லை. எனக்கு உடம்பு கூசிவிட்டது. இத்தனை மாதமும் எத்தனை பேர் முகத்தைப் பார்த்து 'நல்லாத்தானே இருக்குங்க' என்றிருப்போம்.

டீச்சர் குடையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், நெற்றியில் தழும்பு. கிட்டே வந்தார்.

"காரை மற்றப் பக்கம் திருப்பி நிப்பாட்டிப் பாப்பமே. மூக்குக் கீழை பாக்கிற மாதிரி."

திருப்பி நிறுத்தினோம். அப்போதும் வரவில்லை. கீழே கடைக்கு முன்னால் மட்டமான இடத்துக்கு இறக்கினோம். வந்தது. திரும்ப ஏற்றினோம். வரவில்லை.

"அப்ப முன்னுக்குப் பின்னுக்கு எண்டில்லை, சரிவுதான் விசயம்" என்றார் சேர்.

பாஸ் சிரித்தேவிட்டார். "எங்க கராஜ் தரைய மட்டம் பார்த்துக் கட்டினதுதான் பிழை."

ஏன் என்பதுதான் அடுத்த கேள்வி. மறுநாள் சனிக்கிழமை, இருவரும் கராஜுக்கு வந்தார்கள். டீச்சர் பஸ்ஸில் வந்தார், சேர் காரில் வந்தார். பட்டரி வயரைக் கழற்றினோம். சட்டப்படி எல்லோரும் பிளேன்டீ குடித்தோம். பிறகு கதவுத் தூணின் மூடியைக் கழற்றி, பெல்ட் சுற்றியிருக்கிற உருளையை வெளியே எடுத்து மேசையில் கிடத்தி இழுத்தேன். வரவே இல்லை. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். பாஸ் அதைக் கையில் எடுத்து, தூணில் இருந்தது போலவே நிமிர்த்திப் பிடித்தார். வந்தது. கொஞ்சம் சரித்தார். 'டிக்' என்று நின்றுவிட்டது.

நல்ல பெல்ட்டைத் திறக்கக்கூடாது என்பது பாஸின் பிடிவாதம். பின்கட்டில் நொறுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து அதே மாதிரி உருளையைக் கழற்றி, பக்கத்து மூடியைத் திறந்தார். எல்லோரும் தலையை மோதிக்கொண்டு குனிந்தோம். உள்ளே ஒரு சின்னக் கிண்ணம். கிண்ணத்தில் ஓர் இரும்பு உருண்டை. அதன் தலைக்குமேல் நெம்புகோல் போல ஒரு மெல்லிய நெம்பு. சரித்தால் உருண்டை கிண்ணத்தின் ஓரத்தில் ஏறி நெம்பைத் தூக்கும். நெம்பு பல்லுச் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். மனிதனைக் காப்பாற்ற ஒரு உருண்டையும் கிண்ணமும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசை அடங்கவில்லை.

டீச்சர் அதைக் கையில் வாங்கிக்கொண்டார். சரித்தார், நிமிர்த்தினார், சரித்தார். டிக், டிக்.

"பிரேக் பிடிச்சால் உருண்டை முன்னுக்கு ஓடும், பெல்ட் பூட்டும். கார் ஏத்தத்திலை நிண்டாலும் உருண்டை ஓடும், பெல்ட் பூட்டும். உருண்டைக்கு ரெண்டும் ஒண்டுதான். அதுக்கு வித்தியாசம் தெரியாது" என்றார். வகுப்பில் சொல்வது போல உற்சாகமாகத்தான் சொன்னார்.

பிறகு அவர் கை நின்றுவிட்டது.

"பாஸ், வானுகளிலையும் இப்பிடித்தான் இருக்குமோ?"

"இப்பத்த வான்ல இருக்கும் டீச்சர். பழசுல சிலதுல இருக்கு, சிலதுல இல்ல."

டீச்சர் உருளையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். விளங்கிவிட்டதே, சந்தோசப்படாமல் ஏன் போகிறார் என்று நான் யோசித்தேன்.

அதன் பிறகு வழி எளிதாகிவிட்டது. காலையில் சேர் காரைக் கீழே கடைக்கு முன்னால் மட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். டீச்சர் நடந்து வந்து அங்கே ஏறுவார். பெல்ட்டை இழுத்துப் போட்டு, ஒருமுறை வெடுக்கென்று இழுத்துப் பூட்டுகிறதா என்று பார்ப்பார். பிறகுதான் கார் கிளம்பும். கடைக்காரர் தினமும் இந்த வேடிக்கையைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்து சொல்லிச் சிரிப்பார். சிரித்தால் சிரிக்கட்டும். டீச்சர் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போனார். முறைப்பாட்டோடு வருகிற மற்றவர்களுக்கும் நாங்கள் இதையே சொன்னோம்: மட்டத்தில் நிறுத்தி பெல்ட்டைப் போடுங்கள், வெட்டாதீர்கள்.

அடுத்த வருசம் மழைக்காலத்தில் ஒரு நாள், அந்த வெள்ளைக் காரை லொறியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். முன்பக்கம் நசுங்கிச் சப்பிப் போயிருந்தது. பாஸ் வழக்கம் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றினார், ஆனால் நேராக முன்கண்ணாடிக்குத்தான் போனார். இப்படி வருகிற வண்டிகளில் அவர் முதலில் தேடுவது அதைத்தான். உள்ளிருந்து வட்டமாக, சிலந்தி வலை போல விரிசல் விட்டிருந்தால் அது தலை பட்ட இடம். குனிந்து, நிமிர்ந்து, விரலால் தடவிப் பார்த்தார். அப்படி ஒன்றுமில்லை. பெருமூச்சு விட்டார்.

"ஆளுக்கு ஒன்னும் இல்லடா ராஜு."

தலவாக்கலைக்கு இந்தப் பக்கம், பனிமூட்டத்தில், ஒரு லொறி வளைவில் பிழையான பக்கம் ஏறி வந்திருக்கிறது. சேர் பிரேக்கை மிதித்த மிதியில் காலை எடுக்காமல் ஸ்டியரிங்கை மண்மேட்டுப் பக்கம் ஒடித்திருக்கிறார். கார் திரும்பியிருக்கிறது, பள்ளத்துக்கு அல்ல, மேட்டுக்கு. எயார்பேக் இரண்டும் வெடித்துத் தொங்கின. நடுவில் பிள்ளையார் அசையாமல் இருந்தார். டீச்சருடைய பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். வளையத்துக்குள் ஓடுகிற இடத்தில் நாடா உருகினது போல மினுங்கியது, நூல் இழுபட்டிருந்தது. அவருடைய முழுப் பாரத்தையும் அந்த ஒரு சாண் தாங்கியிருக்கிறது. ஒருமுறை தாங்கின பெல்ட்டை மறுபடி நம்பக்கூடாது. இரண்டையும் மாற்றினோம்.

கார் தயாரான காலையில் இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். டீச்சர் இடது தோளைச் சற்றே தூக்கி நடந்தார். பெல்ட் பட்ட இடம் தோளிலிருந்து இடுப்புவரை கருத்துப்போய்க் கிடந்ததாக சேர் சொன்னார். இனி இவர் எங்கே காரில் ஏறப்போகிறார் என்றுதான் எனக்குக் கவலை. திரும்பவும் பஸ், திரும்பவும் பிந்திப் போவது, கடைசியில் வேலையை விடுவது. அதைத்தான் எதிர்பார்த்தேன்.

டீச்சர் முன்கதவைத் திறந்துவிட்டு, ஏறாமல், புது பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பயமா இருந்தா இன்னிக்கு வேணாம் டீச்சர்" என்றார் பாஸ்.

"பயமில்லை பாஸ்." அவர் திரும்பவில்லை. "அக்காவும் நானும் போன வானிலையும் பெல்ட் இருந்தது."

சேர் சட்டென்று அவரைப் பார்த்தார். அவருக்கும் இது புதுசு என்று முகத்தில் தெரிந்தது.

"கோயிலடி ஏத்தத்திலை நிண்ட வான். முன்சீட்டிலை நான் நடுவிலை, அக்கா கதவுப் பக்கம். அவ பெல்ட்டை இழுத்துப் பாத்தவ. வரேல்லை. திரும்பவும் இழுத்தவ. ட்ரைவர் சொன்னார், 'அது ஜாமுங்க அக்கா, உட்டுடுங்க' எண்டு. அவ விட்டிட்டா. இவ்வளவு நாளும் விதி எண்டுதான் நினைச்சிருந்தன். அண்டைக்கு உங்கடை மேசையிலை அந்த உருண்டையைப் பாத்தாப் பிறகு அப்பிடி நினைக்க முடியேல்லை. அது பழுதில்லை, பாஸ். கீழை இறங்கி மட்டமான ரோட்டுக்கு வந்து இன்னொருக்கா இழுத்திருந்தால் வந்திருக்கும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த ட்ரைவர் சொன்ன அதே வார்த்தையை எத்தனை கராஜில், எத்தனை வானில், எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்.

சேர் வந்து டீச்சரின் கைப்பையை வாங்கிக்கொண்டார். டீச்சர் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மெதுவாக இழுத்தார். வந்தது. ஒருமுறை வெடுக்கென்று இழுத்துப் பூட்டுகிறதா என்று பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டு, "போவம், முதலாம் பாடம் எனக்குத்தான்" என்றார்.